ஜோக்கரின் பக்கம் நின்ற பிரின்ஸ்

வணக்கம்.

சென்ற மாதம் நண்பர்கள் சிலர் சேர்ந்து டிம் பர்டனின் ‘பேட்மேன்’ (1989) படத்தை மறுபடி பார்த்தோம். படம் முடிந்ததும் பேச்சு இசைக்குத் திரும்பியது. டேனி எல்ஃப்மேனின் பின்னணி இசைதான் அந்தப் படத்தின் உயிர், அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் பாடல்கள் கம்பெனி ஒட்டவைத்த விளம்பரம் என்றார் ஒருவர். இன்னொருவர் பிரின்ஸின் தீவிர ரசிகர். ‘சைன் ஓ த டைம்ஸ்’ ஆல்பம் செய்த கலைஞன் இரண்டே ஆண்டில் இப்படி இறங்கிவந்திருக்க வேண்டாம், பணத்துக்காகச் செய்த வேலை என்று வருத்தப்பட்டார். மூன்றாமவர் சிறுவயதில் ‘பேட்டான்ஸ்’ பாட்டை கேசட்டில் தேயத்தேயக் கேட்டவர். இப்போது கேட்டால் அதில் மெட்டே இல்லை, ஆறு நிமிடம் உட்கார முடியவில்லை என்கிறார்.

நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதன்பின், அந்தப் பாடல்கள் அடங்கிய பிரின்ஸின் ‘பேட்மேன்’ ஆல்பத்தைத் தனியாகக் கேட்கத் தொடங்கினேன். படத்தில் ஒட்டாமல் நின்ற அதே பாட்டுகள் படம் இல்லாமல் கேட்கும்போது பிடித்துப்போகின்றன. என் ரசனையில் கோளாறா, அல்லது நண்பர்கள் எதையாவது தவறவிட்டார்களா? பிரின்ஸை இதுவரை கேட்டிராத ஒருவருக்கு இந்த ஆல்பத்தைக் கொடுக்கலாமா?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்றும் அந்த ஆல்பம் வந்த நாளிலிருந்து சொல்லப்பட்டுவருபவை. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே அதைப் படத்தின் துணைப்பொருளாக வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். எனக்கு அது பிரின்ஸ் அந்தக் கதையை வாசித்த விதம். அந்த வாசிப்பில் அவர் வில்லன் ஜோக்கரின் பக்கம் நிற்கிறார். இதைப் பிடித்துக்கொண்டு கேட்டால் படத்தில் ஏன் ஒட்டவில்லை, தனியாக ஏன் பிடிக்கிறது என்ற இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

முதலில் அது எப்படி உருவானது என்பதைப் பார்ப்போம். படத்தைத் தொகுக்கும்போது பர்டன் இரண்டு காட்சிகளுக்குத் தற்காலிகமாக பிரின்ஸின் பழைய பாட்டுகளைப் போட்டுப் பார்த்தார். அருங்காட்சியகத்துக்கு ‘1999’, ஊர்வலத்துக்கு ‘பேபி ஐ’ம் எ ஸ்டார்’. இரண்டுமே ஜோக்கரின் காட்சிகள். அவற்றுக்குப் புதிய பாட்டு வேண்டும் என்றுதான் பிரின்ஸிடம் போனார்கள். அவர் இங்கிலாந்தில் பைன்வுட் தளத்துக்குப் போய்ப் படப்பிடிப்பைப் பார்த்துவிட்டு மினியாபொலிஸ் திரும்பி, 1989 தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் ஒன்பது பாட்டுகள் கொண்ட முழு ஆல்பத்தையே முடித்துவிட்டார். எல்லாமே அந்தச் சில வாரங்களில் பிறந்தவை அல்ல. ‘விக்கி வெயிட்டிங்’ ஏற்கெனவே வேறொரு பெண்ணின் பெயரோடு இருந்த பாட்டு. அதைப் படத்தின் நாயகி விக்கியின் பெயராக மாற்றிக் கதைக்குள் கொண்டுவந்தார்.

பணத்துக்காகச் செய்தது என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கப்போவதில்லை. படமும் வார்னர் நிறுவனத்துடையது, இசைத்தட்டும் வார்னருடையது. முந்தைய ஆண்டு வந்த அவருடைய ‘லவ்செக்ஸி’ ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 11ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அவருக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது, கிடைத்தது. ஜூன் 20 அன்று ஆல்பம், 23 அன்று படம். ஆல்பம் பில்போர்ட் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆகஸ்டில் ‘பேட்டான்ஸ்’ தனிப்பாடல்களின் பட்டியலிலும் முதலிடத்துக்கு வந்தது. சரி, ஆனால் விற்பதற்காகவே செய்பவர் பாதுகாப்பான ஒன்றைத்தானே செய்வார்? அந்த முதலிடப் பாட்டு எப்படிப்பட்டது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எல்ஃப்மேனைப் பற்றி உங்கள் முதல் நண்பர் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. அந்த இருண்ட அணிவகுப்பு மெட்டு இல்லாமல் பேட்மேனின் கோதம் நகரத்தை என்னால் கற்பனை செய்ய முடியாது. அதற்கு கிராமி விருது கிடைத்ததும் நியாயமே. அந்தப் பின்னணி இசை ஆகஸ்டில் தனி ஆல்பமாக வந்தது. ஒரே படத்துக்கு இரண்டு ஆல்பங்கள் என்பது அன்று புதுமை.

ஆனால் இந்த இரண்டு இசைகளும் வேலை செய்யும் விதமே வேறு. ஆர்கெஸ்ட்ரா இசை காட்சியைத் தொடர்ந்து போகும். முகம் திரும்பினால் தானும் திரும்பும், ஆள் ஓடினால் தானும் ஓடும், வெட்டு விழும் இடத்தில் நிற்கும். பிரின்ஸின் ஃபங்க், கறுப்பினத்தவரின் நடன இசை, யார் பின்னாலும் போகாது. தாளச் சுற்றின் முதல் அடியில் பேஸ் கிட்டார் அழுந்த விழுகிறது. மிச்ச அடிகளுக்கு நடுவே இடைவெளி. கிட்டார் கூர்மையாக வெட்டிவெட்டி வருகிறது. பிறகு அதே சுற்று மீண்டும், மீண்டும். அதன் இன்பமே திரும்பி வருவதில்தான். அதற்கு ஏற்பக் காட்சிதான் வளைந்தாக வேண்டும். கதையை நிறுத்தி வைத்துவிட்டு ஆட வேண்டும். பர்டனின் படத்தில் அப்படி ஆடக்கூடியவன் ஒருவன்தான்.

அருங்காட்சியகக் காட்சியை நினைத்துப்பாருங்கள். மயக்க வாயுவில் எல்லோரும் சாய்ந்து கிடக்கிறார்கள். ஜோக்கராக நடிக்கும் ஜாக் நிக்கல்சன் தன் ஆட்களோடு உள்ளே வருகிறார். ஒருவன் தோளில் பெரிய டேப் ரெக்கார்டர். ‘பார்ட்டிமேன்’ தொடங்குகிறது. ரெம்பிராண்ட் மேலும் டெகாவின் நடனக்காரி மேலும் சாயத்தை வீசிக்கொண்டே ஆடுகிறார்கள். பிரான்சிஸ் பேக்கனின் ஓவியம் வந்ததும் ஜோக்கர் கைகாட்டித் தடுக்கிறான், அது அவனுக்குப் பிடித்திருக்கிறது. அவன் வெறும் நாசக்காரன் இல்லை, ரசனை உள்ளவன் என்று அந்த இடத்தில் தெரிகிறது. பாட்டும் அதையேதான் சொல்கிறது. ஊருக்குள் புதிய ராஜா வந்துவிட்டான் என்ற களிப்பைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை, மிரட்டல்கூட இல்லை. ஊர்வலத்தில் ‘டிரஸ்ட்’ ஒலிக்கும்போதும் இப்படித்தான். தெருவில் பணத்தை வாரி இறைக்கிறான், மக்கள் அள்ளுகிறார்கள், மேலே பலூன்களில் விஷவாயு. என்னை நம்புங்கள் என்று பாட்டு கூத்தாடுகிறது. அந்தக் காட்சியின் பயங்கரமே அந்தச் சந்தோஷத்தில்தான் இருக்கிறது.

மற்றப் பாட்டுகள் படத்தில் எங்கோ விருந்துச் சத்தத்துக்கு அடியில் சில நொடி கேட்கின்றன, ‘ஸ்கேண்டலஸ்’ கடைசியில் பெயர்கள் ஓடும்போது வருகிறது. உங்கள் நண்பருக்கு ஒட்டவைத்ததுபோலத் தெரிந்ததற்குக் காரணம் இது. பாடல்களைப் படத்தோடு இணைத்தது தனக்கு நிறைவளிக்கவில்லை என்று பர்டனே பின்னாளில் சொன்னார்.

எனக்கு உறுத்தலான கேள்வி ஒன்று உண்டு. கோதம் நகரத்தில் கறுப்பினத்தவர் முகங்கள் குறைவு. ஹார்வி டென்ட்டாக வரும் பில்லி டீ வில்லியம்ஸைத் தவிரப் பேசப்படும் பாத்திரம் எதுவும் அவர்களுக்கு இல்லை. கறுப்பினத்தவரின் இசை மட்டும் வருகிறது, அதுவும் ஒரு வெள்ளைக்கார வில்லன் ஓவியங்களை நாசம்செய்யும்போது. நாயகனுக்கு ஐரோப்பிய ஆர்கெஸ்ட்ரா, கலகக்காரனுக்கு ஃபங்க். ஹாலிவுட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் பழக்கம் இது. ‘பேட்மேன்’ வந்து ஒரு வாரம் கழித்து, 1989 ஜூன் 30 அன்று, ஸ்பைக் லீயின் ‘டூ த ரைட் திங்’ வெளியானது. அதிலும் ஒருவன் தோளில் பெரிய டேப் ரெக்கார்டரோடு தெருவில் நடக்கிறான், பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் பாட்டு முழங்குகிறது. அங்கே அந்த இசை அந்தத் தெரு மனிதர்களுடையது, அதை நொறுக்குவதிலிருந்துதான் கலவரமே மூள்கிறது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தன் இசைக்குப் பர்டனின் படம் கொடுத்த இடம் எவ்வளவு குறுகலானது என்பது பிரின்ஸுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்று கேட்கத் தோன்றும்.

தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஆல்பத்தின் அட்டைக் குறிப்புகளைப் பாருங்கள். பாடல் வரிகளைப் பாத்திரங்களின் பெயரில் போட்டிருக்கிறார். ‘எலெக்ட்ரிக் சேர்’, ‘பார்ட்டிமேன்’, ‘டிரஸ்ட்’ மூன்றும் ஜோக்கருடையவை. பேட்மேன் பெயரில் ‘த ஃபியூச்சர்’, ‘ஸ்கேண்டலஸ்’. முகமூடி இல்லாத பேட்மேனான ப்ரூஸ் வெய்னுக்கும் விக்கிக்கும் காதல் பாட்டுகள். தனக்கு ஜெமினி என்று ஒரு பாத்திரம். அது அவருடைய மிதுன ராசி. ‘பேட்டான்ஸ்’ வீடியோவில் பாதி முகம் ஜோக்கர், பாதி முகம் பேட்மேனாக வருவது இந்த ஜெமினிதான். வில்லனின் இசையாக ஒதுக்கப்பட்டதை வாங்கிக்கொண்டு, கதையையே அந்த இடத்திலிருந்து திரும்ப எழுதிவிட்டார். ஜோக்கரின் கோட்டு 1940 முதலே ஊதா நிறம். ஊதாவைத் தன் நிறமாக்கிக்கொண்ட பிரின்ஸுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும்!

இந்த ஆல்பத்தை வைக்க வேண்டிய வரிசையும் வேறு. ஐசக் ஹேய்ஸின் ‘ஷாஃப்ட்’ (1971), கர்ட்டிஸ் மேஃபீல்டின் ‘சூப்பர்ஃப்ளை’ (1972) இரண்டையும் முன்னால் வையுங்கள். ‘சூப்பர்ஃப்ளை’ படம் போதை வியாபாரியை அழகனாகக் காட்டுகிறது, மேஃபீல்டின் பாட்டுகளோ அவனால் அழிபவர்களைப் பற்றிப் பேசுகின்றன. படத்தோடு வாதாடும் இசை அது. படம் மறந்துபோன பிறகும் ஆல்பம் நிற்கிறது. பின்னால் வைக்க வேண்டியது 2018இல் கெண்ட்ரிக் லமார் ‘பிளாக் பாந்தர்’ படத்துக்காகத் தொகுத்த ஆல்பம். அங்கும் பின்னணி இசை இன்னொருவருடையது, பாட்டுகள் தனி ஆல்பம். லமார் நாயகனின் குரலிலும் எதிரியின் குரலிலும் மாறிமாறிப் பேசுகிறார். சூப்பர்ஹீரோ படத்தில் அதை முதலில் செய்து காட்டியவர் பிரின்ஸ்.

இப்போது ‘பேட்டான்ஸ்’. அதில் மெட்டு இல்லை என்ற உங்கள் மூன்றாம் நண்பர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். பல்லவி, சரணம் என்று எதுவும் கிடையாது. நிக்கல்சன், மைக்கேல் கீட்டன், கிம் பேசிங்கர் பேசிய வசனத் துண்டுகள், 1966 தொலைக்காட்சித் தொடருக்கு நீல் ஹெஃப்டி போட்ட மெட்டு, பிரின்ஸ் பாதியில் விட்ட சொந்தப் பாட்டுகளின் கீற்றுகள் எல்லாம் அதில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கின்றன. வேகமாக ஓடிக்கொண்டிருப்பது நடுவில் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கி, கனத்த ஃபங்க்காக மாறி, மறுபடி பாய்கிறது. இடையிடையே கிட்டார் கதறுகிறது. டி லா சோல், பீஸ்டி பாய்ஸ் போன்ற ராப் குழுக்கள் சாம்பிள்களை, அதாவது பிற இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை அடுக்கிப் புதிய இலக்கணம் எழுதிய ஆண்டு அது. அதே முறையில் செய்த ஒரு துண்டை ஒரு பெரிய நட்சத்திரம் கோடைக்காலத்தின் மிகப்பெரிய படத்துக்கு முதல் தனிப்பாட்டாகக் கொடுத்தார். பாதுகாப்பான ஒன்றைத்தானே செய்வார் என்று முன்பு நான் கேட்டது இதற்காகத்தான். பாதுகாப்பாக விற்க நினைத்திருந்தால் ஷீனா ஈஸ்டனோடு பாடிய ‘தி ஆர்ம்ஸ் ஆஃப் ஓரியன்’ கையில் இருந்தது. ஆல்பத்திலேயே எனக்கு அலுப்பூட்டும் பாட்டு அது. ‘லெமன் க்ரஷ்’ஷும் நிற்காது.

‘த ஃபியூச்சர்’ அப்படியல்ல. முதல் பாட்டே குளிர்ந்த, ஒட்டிய தாளத்தில் தொடங்குகிறது. குரலை உயர்த்தாமல், ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடுகிறார். ‘எலெக்ட்ரிக் சேர்’ ஆல்பத்தின் உச்சம் என்பேன். மனத்தில் நினைத்ததே குற்றம் என்றால் எனக்கு மரண நாற்காலி கொடுங்கள் என்ற கருத்தை டிரம்மும் கிட்டாரும் விடாமல் அறைகின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியின் 15ஆம் ஆண்டுவிழாவில் இதைத்தான் மேடையில் வாசித்தார். ‘ஸ்கேண்டலஸ்’ உச்சஸ்தாயிக் கள்ளக்குரலில் ஆறு நிமிடம் மெதுவாக இழையும் காதல் பாட்டு. எழுதியவர்களில் ஒருவராக அவருடைய தந்தை ஜான் எல். நெல்சன் பெயர் இருக்கிறது, ஜாஸ் பியானோக்காரர்.

உங்கள் இரண்டாம் நண்பர் போன்ற தீவிர ரசிகர்கள்கூட இதை மறந்துவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1993இல் வந்த ‘த ஹிட்ஸ்’ தொகுப்பில் இந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. 2006இல் வந்த ‘அல்டிமேட்’ தொகுப்பிலும் இல்லை. படத்தோடு பிணைந்த உரிமைகள் அப்படி. முதலிடம் பிடித்த பாட்டே தொகுப்புகளில் காணாமல் போனது. அவர் இறந்தபின், 2016 இறுதியில் வந்த ‘4எவர்’ தொகுப்பில்தான் ‘பேட்டான்ஸ்’ இடம்பெற்றது. தொகுப்புகள் வழியாக பிரின்ஸை அறிந்த ஒரு தலைமுறைக்கு இப்படி ஒரு ஆல்பம் இருந்ததே தெரியாது. அதற்கும் முன்பே அதை மதிப்பில்லாதது என்று முடிவுகட்டியிருந்தார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

உங்கள் ரசனையில் கோளாறு இல்லை. புதியவருக்கு இதை முதலில் கொடுக்க வேண்டாம். ‘பர்ப்பிள் ரெயின்’ கேட்கட்டும், அது பிடித்தால் ‘சைன் ஓ த டைம்ஸ்’. பிறகு இதைக் கொடுங்கள், ‘எலெக்ட்ரிக் சேர்’ பாட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ‘டிரஸ்ட்’ பாட்டுக்கு முன்னால் அதே ஊர்வலத்துக்காக அவர் செய்த ‘200 பலூன்ஸ்’, ‘பேட்டான்ஸ்’ தட்டின் மறுபக்கத்தில் இருக்கிறது. அதை நீங்களும் இன்னும் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.