ஏற்றுமதிக்குப் புதிய நாடுகளைத் தேடினால் சிங்கப்பூரில் மக்கள் ஒரு சமயம் வரவேற்கிறார்கள், ஒரு சமயம் கோபப்படுகிறார்கள். ஏன்?

சரக்கு போனால் கைதட்டுகிறார்கள், ஆள் வந்தால் கோபப்படுகிறார்கள். சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பெர்மிட், ஆவண வேலை பார்க்கும் எனக்குத் தெரிந்த விடை இதுதான்.

2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் சரக்குக்கு 10% வரி போட்டதே, நினைவிருக்கும். 2004 முதல் தடையற்ற வணிக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது, அவர்கள் சரக்குக்கு நாம் வரி போடுவதில்லை, வணிகத்தில் உபரியும் அவர்களுக்கே. அப்படியும் போட்டார்கள். நண்பனுக்கு யாரும் இப்படிச் செய்வதில்லை என்று பிரதமர் லாரன்ஸ் வோங் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அந்த வாரம் காப்பிக்கடையில் எல்லோருமே வணிக நிபுணர்கள். "வேற நாட்டைப் பார்க்கணும்" என்பதுதான் எல்லா மேசையிலும் பேச்சு.

ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே அடங்கிய மெர்கோசூர் கூட்டமைப்போடு 2023 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எங்கள் ஆபீசிலேயே அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கையெழுத்தானதும் கன்டெய்னர் கிளம்பிவிடாது என்பதும் ஒரு காரணம். சாஸ் தயாரிக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், வரி வந்த சூட்டில் தென் அமெரிக்காவுக்கு அனுப்பலாமா என்று கேட்டு வந்தார். லேபிள் ஸ்பானிய மொழியில், பிரேசில் என்றால் போர்த்துகீசிய மொழியில் வேண்டும், சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் மூலச் சான்றிதழ் எடுக்க வேண்டும், கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், முன்பின் தெரியாத ஆள் தொண்ணூறு நாள் கடன் கேட்பார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பத்து சதவீதத்தை அமெரிக்க வாடிக்கையாளரோடு பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

கோபம் வந்தது சீக்காவில். இந்தியாவோடு 2005-இல் செய்த பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாடு அது. அதில் சரக்குக்கு என்ன வரிச்சலுகை என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பேச்செல்லாம் சாங்கி வணிகப் பூங்காவில் வேலை பார்க்கும் இந்திய ஐடி, வங்கி ஊழியர்களைப் பற்றியே. 2021-இல் நாடாளுமன்றம் வரை போனது. இந்தியர்கள் தடையின்றி வந்து வேலை பார்க்க உடன்பாடு வழிவிடவில்லை என்று அரசாங்கம் விளக்கியது. உண்மைதான். ஆனால் நாற்பத்தைந்து வயதில் வேலையை இழந்தவரிடம் உடன்பாட்டுப் பிரிவைப் படித்துக் காட்டி என்ன ஆகப்போகிறது?

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எங்களைப் போன்ற உள்ளூர்த் தமிழர்கள். மின்தூக்கியில் ஒரு அங்கிள் என்னைப் பார்த்து "யூ சீக்கா ஆ?" என்றார். சீக்கா வழியாக இந்தியாவிலிருந்து வந்தவனா என்று அர்த்தம். "இங்கே கேகே மருத்துவமனையில் பிறந்தவன் அங்கிள், என்எஸ்ஸும் முடித்துவிட்டேன்" என்று தேசிய சேவையையும் சேர்த்துச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், சிரிப்பு வரவில்லை.

2023 செப்டம்பரில், வெளிநாட்டு நிபுணர்களுக்குத் தரும் வேலை அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்குப் புள்ளி முறை வந்தது. நிறுவனத்தில் ஒரே நாட்டவர் எத்தனை பேர் என்பதும் அதில் கணக்கு. அதன் பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் தணிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சோறு போடுவது சரக்குதான் என்றாலும், இப்போதெல்லாம் புது ஒப்பந்தச் செய்தி வந்தால் வரிப் பட்டியலுக்கு முன்னால் ஆட்கள் வந்துபோவது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றுதான் தேடிப் பார்க்கிறேன்.