வேலை, வீடு, ஜெபம்: தகப்பன்மார் கேட்ட கேள்விகள்

சபையில் தகப்பன்மாருக்கான கூடுகையைப் பல வருடங்களாக நடத்திவரும் மூப்பர் ஒருவர், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும் அப்பாக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, பிள்ளைகள் எழுவதற்கு முன்பே கிளம்புகிறேன், அவர்கள் தூங்கிய பிறகு வருகிறேன். வேதம் வாசித்தே பல நாள் ஆகிறது. தேவனுக்கு, குடும்பத்துக்கு, வேலைக்கு என்று நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: தம்பி, மூன்று பங்காகப் பிரித்தால் அதிகம் சத்தம் போடுகிற பங்குதான் ஜெயிக்கும். வேலைக்குத்தான் சத்தம் அதிகம். தேவனை அந்த மூன்றில் ஒரு பங்காக வைக்காதீர்கள். வேலையிலும் வீட்டிலும் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று அவரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். ஜெபத்தில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை ஒரு தகப்பனாக வாசித்துப் பாருங்கள். மாமனார் எத்திரோ, மோசேயின் மனைவி சிப்போராளையும் கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வனாந்தரத்துக்கு வருகிறார். பிரிந்திருந்த குடும்பம் ஒன்றுசேர்கிறது. மறுநாளே மோசே ஜனங்களின் வழக்குகளைக் கேட்க உட்கார்ந்துவிடுகிறார், காலைமுதல் சாயங்காலம் வரை. அது தேவன் கொடுத்த வேலைதான். ஆனாலும் எத்திரோ, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று நேராகவே சொல்லிவிடுகிறார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். குடும்பத்தைப் பற்றி அவர் பேசியதாக வேதத்தில் இல்லை. ஆனால் மகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிவந்த ஒருவரின் கண்ணில்தான் அது பட்டது. அதைச் சும்மா கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

தீர்வும் நடைமுறையானதுதான். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்து பேருக்கு என்று தலைவர்களை வைத்து, பெரிய வழக்குகள் மட்டும் மோசேயிடம் வரும்படி செய்தார்கள். நீங்களும் இந்த வாரம் செய்த வேலைகளை எழுதிப் பாருங்கள். வேறொருவர் செய்திருக்கக்கூடியது எது, நாளைக்கு விட்டிருக்கக்கூடியது எது என்று குறியுங்கள். அப்புறம் மேலதிகாரியிடம் போங்கள். "வேலை அதிகம்" என்று பொதுவாகப் புலம்பினால் ஒன்றும் நடக்காது. "செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், மீதியை மறுநாள் காலையில் முடித்துத் தருகிறேன்" என்று தெளிவாகக் கேட்டால் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம். எல்லா வேலையிலும் இது முடியாது என்று தெரியும். ஆனால் கேட்டே பார்க்காமல் முடியாது என்று முடிவு செய்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தினமும் காலையில் ஒரு மணி நேரம் தியானம் செய்யாதவன் விசுவாசியே இல்லை என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். எங்கள் வீட்டில் கைக்குழந்தை. இரவில் தூக்கமே கிடையாது. குற்ற உணர்வாக இருக்கிறது.

பதில்: வேதத்தில் அப்படி ஒரு நிமிடக் கணக்கு எங்கும் இல்லை. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார், மாற்கு முதல் அதிகாரம் சொல்கிறது. அதே மாற்கு நான்காம் அதிகாரத்தில், புயலுக்கு நடுவே படகில் தலையணை வைத்துத் தூங்குகிறார். எலியா சோர்ந்துபோய்ச் சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அவரைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அவர் சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூங்கினதற்காக அவரை யாரும் கடிந்துகொள்ளவில்லை. "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்கிறது 127-ஆம் சங்கீதம்.

இந்த மாதங்களுக்குச் சின்ன சங்கீதங்கள் போதும். 117-இல் இரண்டே வசனங்கள், 131-இலும் 134-இலும் மூன்று மூன்று. குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தையும் கேட்கும். தூக்கம் திரும்ப வந்ததும் காலை ஜெபத்தையும் திரும்பத் தொடங்குங்கள், அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகாதீர்கள்.

கேள்வி: குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தாலே பிள்ளைகள் நெளிகிறார்கள். ஒருவனுக்கு ஐந்து வயது, ஒருத்திக்கு ஒன்பது.

பதில்: நீளத்தைக் குறையுங்கள் பிரதர். மார்ட்டின் லூத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் சிறு நூலை, எழுதியபோது, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதினார். அதில் காலை ஜெபத்துக்கு அவர் கொடுத்த ஒழுங்கு, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், வேண்டுமானால் ஒரு சிறு ஜெபம், பிறகு சந்தோஷமாக உன் வேலைக்குப் போ என்பது. இரவுக்கும் ஏறக்குறைய அதேதான், முடிந்ததும் உடனே நிம்மதியாகத் தூங்கு என்கிறார். அவ்வளவு பெரிய போதகரே வீட்டு ஜெபத்தை அத்தனை சுருக்கமாக வைத்திருக்கிறார்.

சுவிசேஷத்திலிருந்து ஒரு சம்பவம் வாசியுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஆளுக்கு ஒரு நன்றி சொல்லட்டும். பரமண்டல ஜெபத்தோடு முடித்துவிடுங்கள். ஐந்து வயதுப் பையன் தரையில் உருண்டுகொண்டே கேட்டாலும் காதில் விழும், விடுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. "ஆண்டவரே, இவன் இன்றைக்கு அம்மாவிடம் பொய் சொன்னான், இவனை மாற்றும்" என்று ஜெபத்துக்குள் கண்டிப்பைச் சேர்ப்பது. அது தனக்குச் சொல்லப்படுகிறது என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் ஜெபம் என்றாலே திட்டு வாங்கும் நேரம் என்று அவன் மனதில் பதிந்துவிடும். கண்டிக்க வேண்டியதைத் தனியாகக் கண்டியுங்கள்.

உபாகமம் 6-ஐயும் மறக்காதீர்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுக்கிறபோது, எழுந்திருக்கிறபோது தேவனுடைய வார்த்தைகளைக் குறித்துப் பேசு என்கிறது. இதற்கெல்லாம் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. பள்ளிக்குக் கூட்டிப்போகும் வழியும் வழிதான்.

கேள்வி: வேலைக்காகக் குடும்பத்தைப் பிரிந்து இருக்கிறேன். போனில்தான் அப்பாவாக இருக்கிறேன்.

பதில்: அழைக்கும் நேரத்தை மாற்றாதீர்கள், பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள். "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதோடு நிறுத்தாமல், நேற்று அவர்கள் சொன்ன விஷயத்தை இன்று கேளுங்கள். முடிக்கும்போது எண்ணாகமம் 6-இல் ஆசாரியர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஆசீர்வாதத்தை ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிக் கூறுங்கள்: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." எப்போது திரும்பி வருவது என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதி இல்லாவிட்டால் இந்தப் பிரிவு நீண்டுகொண்டே போகும்.

கேள்வி: நான் ஒரு மனைவி. என் கணவர் வேலை முடிந்ததும் வாரத்தில் நான்கு சாயங்காலம் சபை ஊழியத்துக்குப் போய்விடுகிறார். கேட்டால், "தேவனுடைய காரியத்துக்குத் தடையாக நிற்காதே" என்கிறார்.

பதில்: அம்மா, நீங்கள் எந்தத் தடையும் செய்யவில்லை. "ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால், தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான்?" என்று கேட்டவர் பவுல். மூப்பனைத் தெரிந்துகொள்ள அவர் வைத்த தகுதிகளில் அது ஒன்று. ஊழியத்தில் இருக்கும் ஒவ்வொரு தகப்பனும் ஏலியையும் சாமுவேலையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏலியின் பிள்ளைகள் ஆசரிப்புக் கூடாரத்திலேயே அக்கிரமம் செய்தார்கள், அவர் அவர்களை அடக்கவில்லை. சாமுவேலின் பிள்ளைகள் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள். இருவருமே தேவனுடைய வேலையில் இருந்தவர்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: சகோதரரே, நான்கில் இரண்டை இந்த மாதமே விடுங்கள். அந்த இடத்துக்கு வேறொருவரைப் பழக்குங்கள், அதுவும் ஊழியம்தான். சபைத் தலைவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மறுக்காமல் வருகிற ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் ஏற்றுகிறோம். அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை. இது நம்முடைய தவறு. உங்கள் கணவர் பேச மறுத்தால் தயங்காமல் போதகரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லுங்கள் அம்மா.

கேள்வி: ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட் வருகிறது. பாவமா?

பதில்: "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். நோயாளிகளை யாராவது பார்க்கத்தான் வேண்டும். வாரத்தில் வேறொரு நாளை ஓய்வுக்கென்று வைத்து, வேறு ஆராதனையில் கலந்துகொள்ளுங்கள். கூடுதல் பணத்துக்காக நீங்களே கேட்டு வாங்கும் ஷிஃப்ட் என்றால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: பதினைந்து வயது மகன் இனி ஆலயத்துக்கு வரமாட்டேன் என்கிறான். நான் கத்தினேன், அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

பதில்: லூக்கா 15-இல் தகப்பன் இரண்டு மகன்களுக்காகவும் வெளியே போகிறார். இளையவனைத் தூரத்தில் கண்டதும் ஓடுகிறார். கோபித்துக்கொண்டு உள்ளே வராத மூத்தவனிடமும் தானே போய் வருந்தி அழைக்கிறார். நீங்களும் போய்க் கதவைத் தட்டுங்கள். கத்தினதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு ஏன் என்று கேட்டுவிட்டு, நடுவில் பேசாமல் இருங்கள். அங்கே யாராவது அவனைக் கேலி செய்திருக்கலாம். பதில் கிடைக்காத கேள்வி இருக்கலாம். அப்பா வீட்டில் ஒரு மாதிரி, ஆலயத்தில் ஒரு மாதிரி என்றுகூடச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் தற்காத்துப் பேச வேண்டாம். பிள்ளைகள் "திடனற்றுப்போகாதபடி" அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பவுல் தகப்பன்மாருக்குத்தான் எழுதினார்.

கேள்வி: கணக்கை மாற்றி எழுதச் சொல்கிறார் மேலதிகாரி. மறுத்தால் வேலை போகும், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: எழுதாதீர்கள். ஆனால் தானியேல் செய்தது போலச் செய்யுங்கள். ராஜாவின் உணவைச் சாப்பிட மனமில்லாதபோது அவர் சண்டை போடவில்லை. அதிகாரியிடம் மரியாதையாக வேண்டிக்கொண்டு, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மாற்று வழியும் சொன்னார். நீங்களும் சரியான கணக்கோடு ஒரு மாற்று வழியைக் கொண்டுபோங்கள். நடந்ததை எழுதி வையுங்கள், வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள். முக்கியமாக, இன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிடுங்கள். தனியாகச் சுமந்தால் ஒரு பலவீனமான நாளில் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள்.

கேள்வி: நானும் மனைவியும் பேசிக்கொள்வதே பில், ஸ்கூல் பீஸ் பற்றித்தான். எங்கே தொடங்குவது?

பதில்: மனைவிக்குரிய கனத்தைக் கொடுக்காவிட்டால் உங்கள் ஜெபங்களுக்கே தடை வரும் என்று பேதுரு எச்சரிக்கிறார். அதனால் இங்கிருந்தே தொடங்குங்கள். இன்று இரவு போனை வேறு அறையில் வைத்துவிட்டு, "இந்த வாரம் உனக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை தீர்வு சொல்ல வேண்டாம். அப்புறம் அவர் சொன்னதையே இரண்டு வாக்கியத்தில் ஜெபியுங்கள். சத்தமாக ஜெபிக்கக் கூச்சமாக இருந்தால், இருவரும் சேர்ந்து பரமண்டல ஜெபத்தைச் சொன்னாலே போதும்.