வாடகையில் கழித்த 4,600 ரூபாய்: குழாயும் வயரிங்கும் யார் செலவு?

கேள்வி: மதுரையில் எனக்கு ஒரு தனி வீடு இருக்கிறது. நான் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறேன். மாதம் 16,000 ரூபாய் வாடகைக்கு ஒரு குடும்பம் குடியிருக்கிறது. குழாய் ஒழுகுகிறது, ஸ்விட்ச் கருகிவிட்டது, ஃப்ளஷ் டேங்க் நிற்காமல் ஓடுகிறது என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் செய்தி வருகிறது. வேலை நெருக்கடியில் பலவற்றுக்கு நான் பதில் போடவில்லை. 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிய 11 மாத ஒப்பந்தத்தில் 'எல்லாப் பழுதும் வாடகைதாரர் பொறுப்பு' என்றுதான் இருக்கிறது. ஆனால் போன மாதம் 4,600 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதி வாடகையை என் கணக்கில் போட்டிருக்கிறார். குழாய் 600, ஸ்விட்ச் 400, ஃப்ளஷ் டேங்க் 1,400, படுக்கையறை வயரிங் 2,200 என்பது அவர் கணக்கு. வயரிங்குக்கு மட்டும் பில் அனுப்பினார். இப்போது மேல்தளத்திலிருந்து நீர் கசிந்து சுவரில் ஓதம் ஏறுகிறது என்கிறார். அவர் கழித்தது சரியா? காலி செய்யச் சொல்லலாமா? மாற்றுச் சாவி என் மைத்துனரிடம் இருக்கிறது. மோட்டாரை இரண்டு நாள் நிறுத்தினால் வழிக்கு வந்துவிடுவார் என்கிறார் அவர்.

பதில்: முதலில் மைத்துனரைத் தடுத்து நிறுத்துங்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தானாகவோ வேறொருவர் மூலமாகவோ நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. மாற்றுச் சாவியை வைத்துக்கொண்டு நினைத்த நேரத்தில் உள்ளே போகவும் முடியாது. குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இப்போது பணம் கழித்த கேள்வியில் உங்கள் பக்கம் ஓரளவு நியாயம் இருக்கிறது. மோட்டாரில் கை வைத்தால் அதுவும் போய்விடும்.

நான் சொல்வது 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும், உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தை. நகர்ப்புற வீடுகளுக்கான சட்டம் இது, மதுரையும் அதற்குள் வரும். எந்தப் பழுது யார் தலையில் என்பதற்கு அதன் இரண்டாம் அட்டவணையில் ஒரு பட்டியலே இருக்கிறது. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் லைன் மாற்றுவது, உள்ளேயும் வெளியேயும் மின் வயரிங் ஆகியவை உரிமையாளர் வேலை. குழாயும் வாஷரும் மாற்றுவது, சாக்கடை அடைப்பு, கழிப்பறை, வாஷ்பேசின் பழுது, ஸ்விட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை இதெல்லாம் குடியிருப்பவர் வேலை. கீசர் பழுதும் அவர் பக்கம்தான். என்னிடம் வரும் பல வாடகைதாரர்கள் இதை நம்பவே மாட்டார்கள்.

ஆகவே குழாய், ஸ்விட்ச், ஃப்ளஷ் டேங்க் மூன்றும் சேர்ந்த 2,400 ரூபாய் அவர் செலவு. வயரிங் 2,200 உங்கள் செலவு. உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை அவர் செய்ய மறுத்தால், வாடகைதாரர் தானே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. எந்த மாதத்திலும் அந்தக் கழிவு வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது, உங்கள் விஷயத்தில் 8,000. 'நான் எங்கே மறுத்தேன்' என்று கேட்பீர்கள். வயரிங் பற்றி வந்த செய்தியைப் பார்த்துவிட்டு நாள்கணக்கில் பதில் போடாமல் இருந்திருந்தால், அதை மறுப்பு என்று வாதிடுவது எதிர்த் தரப்பு வக்கீலுக்குக் கஷ்டமே இல்லை.

'எல்லாப் பழுதும் வாடகைதாரர் பொறுப்பு' என்ற வரியைப் பிடித்துத் தொங்காதீர்கள். எழுத்தில் வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலும் வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்க இருவரும் கட்டுப்பட்டவர்கள் என்றுதான் இந்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தொடங்குகிறது. ஒழுகும் தளத்தை அந்த ஒற்றை வரி தாங்காது.

இன்னொன்று. அவர் அனுப்பும் செய்திகள் உங்களுக்குத் தொல்லையாகத் தெரிகின்றன. ஆனால் வீட்டில் சேதம் ஏற்பட்டால் உரிமையாளருக்குச் சீக்கிரம் தெரிவிப்பது அவருடைய சட்டக் கடமை. எதையும் சொல்லாமல் இருந்துவிட்டு, காலி செய்யும்போது சுவரையே பெயர்த்துக் காட்டுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று. இவர் தேவலை. ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு வரி போதும்: 'இது உங்கள் பொறுப்பில் வருவது, மாற்றிக்கொள்ளுங்கள்' அல்லது 'இது என் வேலை, சனிக்கிழமை ஆள் வருவார்'. இப்போதைக்கு, வயரிங் பில்லை ஏற்றுக்கொள்வதாகவும், மீதி 2,400 ரூபாயை அடுத்த வாடகையோடு சேர்த்துத் தரும்படியும் எழுதி அனுப்புங்கள். ஃப்ளஷ் டேங்க் வீடு கட்டிய நாளில் போட்டதென்றால் அதில் பாதியை விட்டுக்கொடுங்கள் என்பேன். அது சட்டம் அல்ல, என் அபிப்பிராயம். அவர் பழுது பார்க்காமல் போட்டுவைக்கும் வேலைகளை நீங்கள் செய்துவிட்டு அட்வான்ஸில் கழித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

உண்மையில் நீங்கள் பதற வேண்டியது அந்த ஓதத்துக்குத்தான். மேல்தளக் கசிவு கட்டடப் பழுது, சந்தேகமில்லாமல் உங்களுடையது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கசிவு வயரிங்குக்குள் இறங்கும், செலவு பல மடங்காகும். வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போய், நீங்களும் சரிசெய்ய மறுத்தால், 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவர் வெளியேறலாம், அல்லது இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் போகலாம். கொத்தனாரை அனுப்பி, தளத்தைப் படம் எடுத்து, மதிப்பீடு வாங்குங்கள்.

ஆளை அனுப்ப ஊரில் ஒருவர் வேண்டும். சட்டமே சொத்து மேலாளர் என்ற ஒருவரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வாடகை வாங்கி ரசீது தருவது, அவசியப் பழுதுகளைப் பார்ப்பது, வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது எல்லாம் அவர் செய்யலாம். யாரை நியமித்தீர்கள் என்பதை வாடகைதாரருக்குத் தெரிவித்துவிட வேண்டும். கூலி வாங்கும் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பொறுமையுள்ள உறவினரும் போதும். உங்கள் மைத்துனரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த நபர் உங்களுக்காக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், வழக்கு நடத்த வேண்டும் என்றால் பவர் பத்திரம் தேவை. சிங்கப்பூரில் எழுதி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் (ஹை கமிஷன்) அத்தாட்சி பெற்று அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் அந்த 20 ரூபாய் பத்திரம். 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம் என்ற பழைய வழக்கம் இந்தச் சட்டத்தில் செல்லாது. காலம் எவ்வளவானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். புதிதாக எழுதும்போது அட்டவணையை அப்படியே சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புவது எழுத்து மூலமான அறிவிப்பாகக் கருதப்படும் என்று ஒரு வரி போடுங்கள். உங்கள் பொறுப்பில் வரும் பழுது 2,000 ரூபாய்க்குள் இருந்தால், படமும் பில்லும் அனுப்பிவிட்டு, உங்களைக் கேட்காமலே செய்து கழித்துக்கொள்ளலாம் என்றும் எழுதலாம். பாதிச் செய்திகள் அதிலேயே குறைந்துவிடும்.

காலி செய்யச் சொல்ல இதில் காரணம் எதுவும் இல்லை. ஒரு மாதத்தில் 2,400 ரூபாய் குறைந்ததை வைத்து வெளியேற்ற உத்தரவு வாங்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர், தொகை எவ்வளவாக இருந்தாலும், வரியைப் பிடித்தம் செய்துவிட்டே தர வேண்டும். பொதுவாக அது 31.2 சதவீதம். உங்கள் வாடகைதாரர் முழுத் தொகையையும் போட்டுக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. பழுது பில்களை வரிக்கணக்கில் தனியாகக் கழிக்கவும் முடியாது. அதற்குப் பதில்தான் வாடகை வருமானத்தில் 30 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு ஆடிட்டரிடம் இதைப் பேசிவிடுங்கள்.