பட்ஜெட் போன்ல ஜிபிஎஸ் பக்கத்து தெருவுக்கு தாவுதா?

சவுகார்பேட்டை பக்கம் பைக்ல டெலிவரி பண்ற ஒருத்தர் கேட்டிருக்கார்: "பத்தாயிரம் ரூபா போன். மேப்ல என் புள்ளி அடிக்கடி பக்கத்து தெருவுக்கு போயிடுது, ஜிபிஎஸ் பூஸ்டர் ஆப் போட்டா சரியாகுமா?"

ஆகாதுங்க. ஆப் போட்டு ஆன்டெனாவ பெருசாக்க முடியாது. மிஞ்சிப்போனா பழைய சாட்டிலைட் டேட்டாவ அழிச்சுட்டு புதுசா இறக்கும், மத்தபடி விளம்பரம்தான்.

முதல்ல எது தப்புன்னு பாருங்க, இடமா திசையா? புள்ளி சரியான இடத்துல இருக்கு, ஆனா முன்னாடி வர்ற நீல வெளிச்சம் மட்டும் வேற பக்கம் காட்டுதுன்னா அது ஜிபிஎஸ் இல்ல, காம்பஸ். காந்தம் வச்ச கவர், ஹோல்டர் இருந்தா கழட்டிட்டு போன எட்டு போடுற மாதிரி சுத்துங்க. சில மலிவு போன்ல காம்பஸ் சென்சாரே வச்சிருக்க மாட்டாங்க, அதுல எத்தன எட்டு போட்டாலும் வேஸ்ட், வண்டி நகர்ந்தாதான் திசை தெரியும்.

இடமே தப்புன்னா செட்டிங்ஸ்ல லொகேஷன் உள்ள போய் லொகேஷன் அக்யூரசி, வைஃபை ஸ்கேனிங் ரெண்டையும் ஆன் பண்ணுங்க, நெருக்கமான தெருவுல சுத்தியிருக்கிற வைஃபை சிக்னல வச்சும் போன் இடத்த கணக்கு போடும். ஆண்ட்ராய்ட் 12 லேர்ந்து ஒவ்வொரு ஆப்புக்கும் துல்லியமான லொகேஷனா தோராயமானதான்னு தனியா கேக்கும், அவசரத்துல தோராயத்த அமுக்கியிருப்பீங்க, டெலிவரி ஆப்ல அத செக் பண்ணுங்க. பேட்டரி சேவர் வேலை நேரத்துல வேண்டாம்.

காலைல கிளம்புறப்ப வானம் தெரியுற இடத்துல நெட் ஆன்ல வச்சு ஒரு நிமிஷம் நில்லுங்க. சாட்டிலைட் எங்க இருக்குங்கற டேட்டா நெட் வழியா சட்டுனு வந்துடும், நெட் இல்லேன்னா ஒவ்வொரு சாட்டிலைட்லேர்ந்தும் அறுபடாம 30 செகண்ட் வரைக்கும் கேட்டாகணும், சந்துக்குள்ள ஓட்டிட்டே அது நடக்காது.

இவ்வளவும் பண்ணி சந்துல மட்டும் தாவுதுன்னா அது போன் குத்தம் இல்ல. 20,000 கிலோமீட்டர் தாண்டி வர்ற சிக்னல் ரொம்ப வீக்கா இருக்கும், அது சுவத்துல பட்டு சுத்தி வந்தா போன் தூரத்த கூட்டி கணக்கு போட்டுடும். எல்1, எல்5னு ரெண்டு அலைவரிசையும் வாங்குற போன் இத நல்லா சமாளிக்கும், மலிவு போன் நிறைய எல்1 மட்டும்தான். அத செட்டிங்ஸ்ல கொண்டு வர முடியாது, அடுத்த போன் வாங்குறப்ப மெகாபிக்சல் பாக்குற நேரத்துல இதையும் பாருங்க.

போன்லயே கோளாறான்னு சந்தேகம் இருந்தா மெரினா மணல் மாதிரி வெட்டவெளில ஜிபிஎஸ் டெஸ்ட் ஆப்ப திறந்து, பக்கத்துல ஃப்ரெண்டு போனையும் வச்சு பாருங்க. நல்ல வெளில சாதாரண ஸ்மார்ட்போன்லயே இடம் சுமார் 5 மீட்டருக்கு மேல பிசகக் கூடாது, ஆப்ல அக்யூரசின்னு அந்த அளவு தெரியும். அவரு போன் அப்படி காட்டி உங்களுது அங்கயும் 30 மீட்டர்லயே நிக்குதுன்னா உள்ள ஆன்டெனா சரியில்ல (கீழ விழுந்து டிஸ்ப்ளே மாத்தின போன்னா இன்னும் சந்தேகம்தான்), வாரண்டி முடியறதுக்குள்ள சர்வீஸ் சென்டர்ல குடுத்துடுங்க.