வாசகர் கேள்வி – பதில்: நான்கு மைகளும் பல நிறங்களும்

கேள்வி: சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றுமே அடிப்படை நிறங்கள் என்று பாடசாலையில் படித்தோம். அண்மையில் அச்சகமொன்றுக்குப் போயிருந்தபோது இயந்திரத்தில் சிவப்பு மையைக் காணவில்லை. கடும் ரோசா நிறத்தில் ஒன்றும், வான்நீலத்தில் ஒன்றும், மஞ்சளும் கறுப்புமே இருந்தன. இவற்றிலிருந்து சிவப்பும் பச்சையும் எப்படி வருகின்றன?
– வாசகர், சுன்னாகம்

பதில்: நீங்கள் பார்த்த ரோசா மைக்கு மஜந்தா என்றும், வான்நீல மைக்குச் சயன் என்றும் பெயர். முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்வண்ண அச்சுக்குரிய மை, சுவருக்கு அடிக்கும் பெயின்ற் கீழே உள்ளதை மூடுவதுபோல மூடுவதில்லை. ஒளி அந்த மையை ஊடுருவித் தாள்வரை சென்று, தாளில் பட்டுத் தெறித்து, மீண்டும் அதே மையினூடாகக் கண்ணுக்கு வருகிறது. வெள்ளையாகத் தெரிவது தாளே. வெள்ளை மை என்று ஒன்று அங்கே கிடையாது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சான யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளை வைத்திருப்பவர்கள் எடுத்துப் பார்க்கலாம். அந்தத் தாளில் வண்ணப்படம் ஒன்றை அடித்திருந்தால், எவ்வளவு நல்ல மையாயினும் கோடுகள் முகத்தின் குறுக்கே தெரிந்தே இருக்கும்.

வெள்ளை ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கூறுகளாகக் கொண்டால், சயன் மை சிவப்பைத் தடுக்கிறது, மஜந்தா பச்சையைத் தடுக்கிறது, மஞ்சள் நீலத்தைத் தடுக்கிறது. ஆகவே மஞ்சளும் சயனும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடத்தில் நீலமும் சிவப்பும் நின்றுவிட, பச்சை மட்டும் திரும்பி வருகிறது. மஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு. சயனும் மஜந்தாவும் சேர்ந்தால் நீலம். பாடசாலையில் சொன்ன சிவப்பையும் நீலத்தையும் மையாக வைத்தால் இது நடவாது. சிவப்பு மை பச்சை, நீலம் இரண்டையும் ஒருசேரத் தடுத்துவிடும். நீல மை சிவப்பையும் பச்சையையும் தடுத்துவிடும். இரண்டையும் மேலும் கீழுமாக அடித்தால் திரும்பி வர ஒளியே இராது, கறுத்த ஊதா ஒன்றுதான் மிஞ்சும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைக்கு ஒன்றாக மூன்று தகடுகளால் வண்ணப்படம் அச்சிட்டுக் காட்டிய ஜேக்கப் கிறிஸ்தோப் லே புளோன் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றையே கையாண்டார். பாடசாலைப் பாடம் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது என்பது என் எண்ணம்.

இனி, இளநிறம் எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம். வழக்கமான அச்சு இயந்திரத்தால் மையை ஓரிடத்தில் இட முடியும், அல்லது இடாமல் விட முடியும். அரைகுறையாக மெல்லியதாய் இட அதற்குத் தெரியாது. அதனால் படம் முழுவதும் புள்ளிகளாக உடைக்கப்படுகிறது. புள்ளி சிறிதானால் இடையில் வெள்ளைத் தாள் கூடுதலாகத் தெரிந்து நிறம் வெளிறும், பெரிதானால் அடர்த்தியாகும். சஞ்சிகை அட்டையில் உள்ள முகமொன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கன்னத்தில் தோல்நிறம் எங்குமே இராது. மஞ்சள் புள்ளிகளும் மஜந்தாப் புள்ளிகளும், ஆங்காங்கே பொட்டளவு சயனும், இடையில் வெறும் தாளும்தான் இருக்கும். சில இடங்களில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றும், சில இடங்களில் பக்கம் பக்கமாகவும் விழுந்திருக்கும். அவற்றைக் கலந்து ஒரே நிறமாக்குவது நமது கண். அங்குலத்துக்கு 150 புள்ளி வரி என்ற அளவில் அச்சாகும் சஞ்சிகையில் ஒரு சதுர அங்குலத்துக்குள் ஒவ்வொரு மைக்கும் 22,500 புள்ளிகள் அடங்கும். பத்திரிகைத் தாள் மையை உறிஞ்சிப் புள்ளியைப் பருக்கச் செய்வதால் அதற்கு 85 முதல் 100 வரி வரையே வைப்பார்கள்.

நான்கு மைகளின் புள்ளி வரிசைகளும் ஒரே சாய்வில் அமைவதில்லை. ஒரே சாய்வில் வைத்து, அச்சிடும்போது தாள் மயிரிழை விலகினாலும், படத்தின்மேல் அலையலையாக வேண்டாத கோலம் ஒன்று தோன்றிவிடும். ஆகவே கறுப்பை 45 பாகையிலும், சயனை 15 பாகையிலும், மஜந்தாவை 75 பாகையிலும் வைத்து, 30 பாகை இடைவெளி விடுவது பொதுவான வழக்கம். 90 பாகைக்குள் மூன்று மைகளுக்குத்தான் அந்த இடைவெளி போதும். எஞ்சிய மஞ்சள், கண்ணுக்கு மிகக் குறைவாகவே புலப்படுவதால், 0 பாகையில் ஒதுக்கி நிறுத்தப்படுகிறது. இச்சாய்வுகள் சரியாக அமைந்தால் புள்ளிகள் கூடிச் சிறு சிறு பூக்கள் போன்ற வட்டங்களாகத் தெரியும். உருப்பெருக்கியில் அவற்றைப் பார்ப்பதே ஒரு அழகு.

கேள்வி: அப்படியானால் மூன்று மைகளும் சேர்ந்தால் ஒளி முழுவதும் தடைப்பட்டுக் கறுப்பு வர வேண்டுமல்லவா? நான்காவதாகக் கறுப்பு மை எதற்கு?
– மாணவி, சாவகச்சேரி

பதில்: கணக்குப்படி வர வேண்டும், மையின்படி வருவதில்லை. உண்மையான சயன் மை சிவப்பைத் தடுப்பதோடு பச்சையிலும் நீலத்திலும் சிறிது விழுங்குகிறது. மஜந்தா நீலத்திலும் கை வைக்கிறது. ஆகவே மூன்றையும் சம அளவில் அடித்தால் சேற்றுக் கபிலமே கிடைக்கும். அதற்கும் மேலாக, மூன்று மைகளையும் ஒவ்வொன்றும் 100 வீதமாக முழுமையாக அடித்தால் 300 வீத மை தாளில் ஏறும். பத்திரிகைத் தாளோ ஏறத்தாழ 240 வீதத்துக்கு மேல் தாங்காது. மை காயாமல் அடுத்த பக்கத்தில் ஒட்டும். எழுத்துகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ‘ஞ’, ‘ணை’ போன்ற சுழிகள் நிறைந்த சிறிய எழுத்தை மூன்று தகடுகளில் பிரித்து அடித்து, அவற்றில் ஒன்று சற்று விலகினாலும், எழுத்தின் ஓரத்தில் ரோசாவும் நீலமும் பிசிறும், சுழி அடைபடும். எழுத்துக்குத் தனிக் கறுப்பே தக்கது. மற்ற வழிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: மகளின் சாமத்திய வீட்டு அழைப்பிதழில் அவள் உடுத்திருந்த கிளிப்பச்சைச் சேலை, கைத்தொலைபேசியில் பளிச்சென்று தெரிந்தது, அச்சில் மங்கிவிட்டது. அச்சகத்தின் பிழையா?
– வாசகி, கரவெட்டி

பதில்: பெரும்பாலும் இல்லை. திரை தானே ஒளிவிடுகிறது. தாள் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியையே திருப்புகிறது. கிளிப்பச்சை, செம்மஞ்சள், மின்நீலம் ஆகியவை இந்த நான்கு மைகளின் எல்லைக்கு வெளியே நிற்பவை. அச்சிடுமுன் கணினியில் படத்தை நான்கு மை முறைக்கு மாற்றிக் காட்டும்படி கேளுங்கள். மங்கல் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: தந்தையாரின் 31ஆம் நாள் நினைவு மலரில் அவருடைய பழைய கறுப்பு வெள்ளைப் படம் சில பிரதிகளில் பச்சை சாய்ந்தும், சிலவற்றில் செம்மை சாய்ந்தும் வந்துள்ளது. காரணம் என்ன?
– வாசகர், மானிப்பாய்

பதில்: அந்தப் படத்தை நான்கு மைகளாலும் அச்சிட்டிருக்கிறார்கள். சாம்பல் நிறம் வருவதற்குச் சயன் 50 வீதம் என்றால் மஜந்தாவும் மஞ்சளும் 40 வீதமளவில் இருக்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது மஜந்தா சற்றுக் குறைந்தால் பச்சை சாயும், கூடினால் செம்மை சாயும். வண்ணப்படத்தில் கண் மன்னிக்கும் அளவான இந்த மாற்றம், சாம்பலில் உடனே அகப்பட்டுவிடுகிறது. மறு அச்சுச் செய்வதானால் அந்தப் படத்தைத் தனிக் கறுப்பில் இடச் சொல்லுங்கள். நிறம் சாய வழியே இராது. ஆனால் நிழல்களின் ஆழம் சிறிது குறையும்.