அம்மாவுக்கு முட்டு வருத்தம். பம்ப் பாவித்தால் அதுக்கே பழகிவிடுவாரா?

கேட்டவரின் அம்மாவுக்கு 58 வயது. மார்கழி பிறந்தால் இரவில் முட்டும் இருமலும். வைத்தியர் ஆஸ்துமா என்று இரண்டு பம்ப் கொடுத்திருக்கிறார். "பம்புக்குப் பழகினால் பிறகு விட ஏலாது" என்று சொந்தக்காரர் சொன்னதால், அவை அலுமாரிக்குள் கிடக்க, குளிசை மட்டும் போகிறது.

அந்தப் பம்புகளை இன்றைக்கே வெளியே எடுங்கள். யாழ்ப்பாணத்தில் பாமசி வைத்திருக்கிறேன், என் அம்மாவுக்கும் இதே வருத்தம்தான். "தம்பி, இதுதானே கடைசி மருந்து?" என்று பம்பைக் கையில் வாங்கவே பயப்படும் ஆட்களை அடிக்கடி பார்க்கிறேன். இந்தப் பயம்தான் எங்கள் ஊரில் ஆட்களை இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது.

கணக்கைப் பாருங்கள். சுவாசக் குழாயைத் தளர்த்தும் சல்பியூட்டமோல் குளிசை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து பம்பை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம்தான். 4 மில்லிகிராம் குளிசை என்றால் அது 40 மடங்கு. அது இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றித்தான் சுவாசக் குழாய்க்குப் போகிறது. குளிசை போட்டதும் கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது என்பதெல்லாம் இதனால்தான். பம்ப் மருந்து போகவேண்டிய இடத்துக்கே நேரே போகிறது.

இரண்டு பம்பும் ஒரே வேலை செய்வதில்லை. ஆஸ்துமாவில் சுவாசக் குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி கூடும், சுற்றியுள்ள தசையும் இறுகும். நீலப் பம்ப் இறுக்கத்தைத் தளர்த்தும். சில நிமிடத்தில் சுகம் தெரியும், ஆனால் வீக்கம் அப்படியே இருக்கும். அதை ஆற்றுவது மற்றது, பெரும்பாலும் மண்ணிறத்தில் இருக்கும் ஸ்டீரொயிட் பம்ப். உடனே ஒன்றும் தெரியாது. அதனால்தான் எல்லாரும் அதைக் கைவிடுகிறார்கள். முட்டு இல்லாத நாளிலும் எடுக்கவேண்டியது அதுதான். நீலப் பம்பை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிப்பதை உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீரொயிட் என்ற பெயருக்குப் பயமா? பம்பில் ஒரு நாளைக்குப் போவது சில நூறு மைக்ரோகிராம். அதை விட்டு, முட்டு முற்றி, பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை குடிக்க நேர்ந்தால் நாளொன்றுக்கு 30, 40 மில்லிகிராம்.

அடுத்தது, எடுக்கும் முறை. அம்மா பம்ப் அடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வாயோரத்தால் வெள்ளைப் புகை மாதிரி வெளியே வந்தால் மருந்து உள்ளே போகவில்லை. நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி மூடி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தவேண்டும். பிறகு பத்துவரை எண்ணும் மட்டும் மூச்சைப் பிடிக்கவேண்டும். என் அம்மாவுக்கு அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வரவே இல்லை. பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் ஸ்பேசர் குழாயைப் பொருத்திய பிறகுதான் சரிவந்தது. ஸ்பேசர் கிடைக்காவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் போகும் அளவுக்கு ஓட்டை போட்டும் பாவிக்கலாம். ஸ்டீரொயிட் பம்ப் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வாய்க்குள் வெள்ளை படியும்.

பனியை மட்டும் குற்றம் சொல்லவேண்டாம். 2022 டிசெம்பரில் வாடைக்காற்றோடு மாசும் வந்து யாழ்ப்பாணம் மங்கிக் கிடந்தது நினைவிருக்கும். 9ஆம் திகதி நாடு முழுக்க அரச பாடசாலைகளை மூடினார்கள். அந்த மாதிரி நாளில் அம்மா வெளியே போகாமல் இருக்கட்டும். ஆனால் குசினிப் புகை வருசம் முழுக்க இருக்கிறது. ஈரப் பாளையும் பொச்சும் வைத்து ஊதும் அடுப்பு, பூட்டிய அறைக்குள் நுளம்புத்திரி, பின்வளவில் கொளுத்தும் குப்பை. வாழ்நாளில் ஒரு சுருட்டைத் தொடாத பெண்களுக்கும் விறகுப் புகையால் சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு வரும். ஆஸ்துமா வந்து போகும். சிஓபிடியில் அடைப்பு முழுதாக விலகாது, நடக்கும் தூரம் வருசா வருசம் குறையும். 58 வயதில் இரண்டில் எது என்று பார்த்தே ஆகவேண்டும். குழாயில் பலமாக ஊதவைக்கும் ஸ்பைரோமெற்றி பரிசோதனையைக் கிளினிக்கில் கேளுங்கள்.

இன்னொன்று: இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், மெலிவு, சளியில் இரத்தம் இருந்தால் காசநோய்க்குச் சளி சோதிக்கவேண்டும். மாவட்ட மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். வழமையாக ஆறு மாதத்தில் மாறிவிடும் வருத்தம் அது. அயலுக்குத் தெரிந்துவிடும் என்று மறைக்காதீர்கள்.

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் அம்மா திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், நீலப் பம்ப் அடித்தும் தணியாவிட்டால் விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வரும் வரை அம்மாவைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி இருத்தி, ஸ்பேசரால் நீலப் பம்பை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருங்கள்.