புதுப் பெயின்ட் வாசனை அடித்தால் உஷார்!

வாசகர் கேள்வி – பதில்: புராதன நகர்ப்பகுதிகளில் வாடகைக்குக் குடியிருப்போருக்கு

நகரத்தின் பழைய பகுதியில், நூறு வருஷத்துக்கு மேலான ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தைப் பார்த்திருக்கிறோம். உள்ளே எல்லாம் புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அந்தப் பளிச்சைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். சுவர் முழுக்க ஒரே சீராக அடித்திருந்தால் பரவாயில்லை. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை மட்டும் புதுப் பூச்சு தெரிந்தால், அதன் பின்னால் ஈரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விரல் முட்டியால் தரையோரத்திலிருந்து மேலே தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் ஓரிடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் மாறினால் காரை சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. பெயின்டர் கை போகாத இடங்கள் பொய் சொல்லாது. சுவர் அலமாரியின் உட்புறம், கதவுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஜன்னலைச் சாத்தி அரைமணி நேரம் வெளியே நின்றுவிட்டு உள்ளே வந்தால் மக்கு வாடை இருப்பது மூக்குக்குத் தெரிந்துவிடும்.

விரிசலைக் கண்டு பயந்து ஓட வேண்டாம், உள்ளே எட்டிப் பாருங்கள். பிளவுக்குள் பழைய பெயின்டும் தூசியும் அடைந்திருந்தால் அது என்றோ விழுந்து நின்றுபோன விரிசல். பெயின்டே கூர்மையாகக் கிழிந்து உள்ளே சுத்தமாக இருந்தால், பெயின்ட் அடித்த பிறகு சுவர் அசைந்திருக்கிறது. 1 மி.மீ. வரை அழகுப் பிரச்சினைதான். 5 மி.மீ. தாண்டி, கதவும் இறுகினால் பொறியாளர் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. தரை சரிவதும் அப்படித்தான். பழைய வீட்டில் ரசமட்டம் வைத்தால் எந்த அறையும் தேறாது. கதவின் மேல் விளிம்பைச் சமீபத்தில் சாய்வாக இழைத்திருக்கிறார்களா என்பதே கேள்வி; இழைத்திருந்தால் சரிவு இன்னும் நிற்கவில்லை.

வீட்டை இரண்டு முறை பாருங்கள்: மழை பெய்த மறுநாள் ஒரு தடவை, வார இறுதி இரவில் ஒரு தடவை. முதலாவது கூரைக்கு. இரண்டாவது, சுற்றுலாக் கூட்டம் வரும் தெருவில் உங்கள் தூக்கத்துக்கு.

குடிவந்து நாலு மாதம். படுக்கையறைச் சுவர் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிர்கிறது. வீட்டுக்காரர் வாட்டர்ப்ரூஃப் சிமென்ட் பூசித் தருகிறேன் என்கிறார். சரி என்று சொல்லலாமா?

வேண்டாம். நல்ல மனதோடு செய்யப்படும் கெடுதல் இது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பிரித்தறிய வேண்டும். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நிற்கும்; மேல் எல்லை ஏறக்குறைய நேர்க்கோடாக, உப்புக்கரையோடு தெரியும். குழாய் ஒழுகலோ கூரை ஒழுகலோ என்றால் ஓரிடத்தில் திட்டாக இருந்து மழைக்குப் பின் விரியும். அறைக்காற்றின் ஈரம் என்றால் மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். குழப்பமாக இருந்தால், ஒரு அடிச் சதுரத்தில் அலுமினியத் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் வியர்த்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: சுவரில் தங்கிய சில உப்புகள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். தண்ணீர் வருவது நின்ற பிறகும் புழுக்கமான நாளில் சுவர் கசிவதுபோல் தெரிய இதுதான் காரணம்.

இனி சிமென்ட் ஏன் கூடாது என்பதற்கு வருவோம். உங்கள் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அடியில் ஈரத்தடுப்புப் படலம் இருக்காது. ஏறும் ஈரம் மேற்பரப்பு வழியாக ஆவியாகிப் போவதை நம்பித்தான் அப்படிக் கட்டினார்கள். அதன்மேல் சிமென்டைப் பூசினால் வெளியேறும் வழி அடைபட்டு, ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் தலைகாட்டும். முழங்கால் உயரத்தில் இருந்தது தோள் உயரத்துக்கு வந்துவிடும். உப்போ பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பருத்து அதைத் தள்ளும். சிமென்ட் செங்கல்லைவிடக் கடினம் என்பதால் விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும்.

செய்ய வேண்டியது இது. வெளியே போய்த் தரைமட்டத்தைப் பாருங்கள். பழைய தெருக்களில் சாலைமேல் சாலை போட்டு, வெளிமட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கும். அது உள்தரையைவிட 15 செ.மீ.யாவது கீழே இருப்பது நல்லது. சாலையைத் தாழ்த்த உங்களால் முடியாது. சுவரோரம் குறுகலான ஜல்லிக் கால்வாய் வெட்டி நீரை வடியவிட முடியும். அதற்கு வீட்டுக்காரர் அனுமதி வாங்க வேண்டும். மழைநீர்க் குழாய் சுவர் ஓரத்திலேயே கொட்டினால் அதைத் திருப்பிவிடுங்கள். பாதிச் சுவர்கள் இதிலேயே தேறிவிடும். பிறகு உப்புக்கரைக்கு மேல் 30 செ.மீ. வரை கெட்ட காரையைக் கொத்தி எடுத்துவிட்டுக் காயவிட வேண்டும். பொறுமை இங்கேதான் தேவை. தோராயக் கணக்கில் சுவர் மாதத்துக்கு 2.5 செ.மீ. கனம்தான் காயும். 45 செ.மீ. சுவர் ஒரு பக்கமாகக் காய ஒன்றரை வருஷம், இரு பக்கமும் திறந்திருந்தால் அதில் பாதி. அவசரப்பட்டுப் பூசினால் பழைய கதைதான்.

பூசும்போது ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு பரும்படி மணல். ஒரு சுற்றுக்குச் சுமார் 10 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். சில நாள் தண்ணீரைத் தூவலாகத் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று கொத்தனார் ஒரு கை சிமென்ட் சேர்க்கப் பார்ப்பார். பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை போதும். பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். தண்ணீரில் கழுவினால் கரைந்து உள்ளே போய்த் திரும்பி வரும். பீரோவைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போடுங்கள். தரையில் வினைல் விரிப்பு வேண்டாம்; தரைவழி போகும் ஈரமும் சுவருக்குத் திரும்பும். துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். ஈரமானி ஒன்று வாங்கி மாட்டினால் காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று தெரியும். தொடர்ந்து 70 தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

வாட்டர் ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு, ஏசி மூன்றும் போட்டால் ஃபியூஸ் போகிறது. தடித்த கம்பி கட்டினால் போகாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஃபியூஸ் போகாது, வீடு போகும். கணக்கைப் பாருங்கள்: ஹீட்டர் 2000 வாட், அடுப்பு 1500, ஏசி 1200, மொத்தம் 4700 வாட். 230 வோல்ட்டில் இது 20 ஆம்பியருக்கு மேல். ஒரு விளக்கு, ஒரு மின்விசிறிக்காகப் போட்ட பழைய வயர் இதைத் தாங்காது. சூடாகி, துணியும் ரப்பரும் சுற்றிய காப்பு மொறுமொறுவென்று உதிரும். ஃபியூஸ் இருப்பதே அந்த வயரைக் காப்பாற்றத்தான். மூன்றில் ஒவ்வொன்றுக்கும் தனி லைன் இழுக்க வேண்டும். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், தூரமும் சுமையும் கூடினால் 4 சதுர மி.மீ.

மூன்று ஓட்டை இருக்கிறது, அதனால் எர்த் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய வீட்டில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லாமல் இருப்பது சகஜம். எலக்ட்ரீஷியனிடம் இரண்டு காரியம் கேளுங்கள்: எர்த் சோதனை, 500 வோல்ட்டில் காப்புச் சோதனை. பின்னதில் ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனை மாற்றியாக வேண்டும். மெயினில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு ட்ரிப்பர் இல்லையென்றால் மற்றெல்லாவற்றுக்கும் முன் அதைப் போடச் சொல்லுங்கள். அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பொம்மை. சுவிட்ச் சூடாவது, மீன் கருகுவதுபோன்ற வாடை, ஹீட்டர் போட்டதும் விளக்கு மங்குவது – மூன்றில் எது தெரிந்தாலும் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

மாடியில் பலகைத் தளம். புத்தக அலமாரியும் பெரிய மீன்தொட்டியும் வைக்கலாமா?

அலமாரிக்கு இடம் பார்த்து வைக்கலாம். தொட்டி வேண்டாம். வீட்டுத் தளத்துக்குப் பொதுவாக எடுக்கும் கணக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. உங்கள் தளம் அந்தக் கணக்கெல்லாம் வருமுன் ஆசாரி கைக்கணக்கில் போட்டது. 120 × 45 × 50 செ.மீ. தொட்டியில் தண்ணீர் மட்டுமே 270 கிலோ. கண்ணாடி, கல், ஸ்டாண்ட் சேர்ந்தால் அரைச் சதுர மீட்டரில் 350 கிலோவை நெருங்கும். அதுவும் இரவு பகலாக நகராமல் நிற்கும் பாரம்.

புத்தகம் ஒரு மீட்டர் வரிசைக்கு 30 கிலோ என்று வையுங்கள். ஆறு தட்டு என்றால் 180. அறை நடுவில் வைக்காமல், விட்டங்கள் சுவருக்குள் நுழையும் பக்கத்தில், ஒரே விட்டத்தின் மேல் நில்லாமல் மூன்று நான்கு விட்டங்களின் மேல் பரவும்படி குறுக்கே வையுங்கள். விட்டம் எங்கே என்று தெரியவில்லையா? பலகையில் ஆணித்தலைகள் வரிசையாகப் போகும் கோடுதான் அது. விட்டத்தின் முனையை வெளிச்சுவர் ஓரம் கீழிருந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கேக்கில் இறங்குவதுபோல் இறங்கினால் உளுத்துவிட்டது. அடியில் வெளிர்நிற மாவு புதிதாக உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. மண்குழாய்க் கோடு தெரிந்தால் கரையான்.

இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. ஜன்னலில் பழைய பெயின்ட் செதில் செதிலாக வருகிறது. சுரண்டிவிட்டு நாங்களே அடித்துக்கொள்ளலாமா?

உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது. பழைய எண்ணெய்ப் பெயின்டுகளில் ஈயம் கலந்திருந்தது; அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் அதைத் தடை செய்தது 1978இல்தான். தேய்த்தால் தூசி, தீயால் சுட்டால் புகை, இரண்டும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். ஜன்னல் சட்டங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் தூசி தானாகவே விழும். அதை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பம் வேண்டாம். பெயின்டைச் சோதித்துப் பார்க்கும்வரை தொட்டிலையும் விளையாட்டுச் சாமானையும் ஜன்னலிலிருந்து தள்ளிவையுங்கள். குழந்தைக்கு இரத்தத்தில் ஈய அளவு பார்க்க மருத்துவரிடம் கேளுங்கள்.

குழாயையும் பாருங்கள். மங்கிய சாம்பல் நிறம், நாணயத்தால் கீறினால் வெள்ளியாய் மின்னுகிறது, காந்தம் ஒட்டவில்லை: ஈயக் குழாய். இரவு முழுக்கத் தேங்கிய நீரைச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகே குடிக்கவும் சமைக்கவும் பிடியுங்கள். இது தற்காலிகம்தான், குழாயை மாற்றித்தான் ஆக வேண்டும். காய்ச்சினால் ஈயம் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

எங்கள் கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. ஏசி வெளி யூனிட், இரைச்சல் தடுக்கும் புது ஜன்னல், சுவரில் படம் – எதற்கு அனுமதி வேண்டும்?

தெருவிலிருந்து தெரியும் எதற்கும் வேண்டும் என்று கொள்ளுங்கள். சில இடங்களில் உள்ளே இருக்கும் மாடிப்படியும் கதவும்கூடப் பட்டியலுக்குள் வரும். வீட்டுக்காரர் வாயால் சொன்ன 'சரி' அனுமதி ஆகாது. அதிகாரியின் எழுத்து வேண்டும். அதன் நகல் உங்கள் கையிலும் இருக்கட்டும்.

இரைச்சலுக்குப் பழைய ஜன்னலைக் கழற்றத் தேவையே இல்லை. உட்புறம் இன்னொரு கண்ணாடிச் சட்டத்தை 10 முதல் 20 செ.மீ. இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். அந்த இடைவெளிதான் சத்தத்தை அடக்குகிறது. உள்சட்டம் இறுக்கமாகவும் வெளிஜன்னல் கொஞ்சம் காற்று விடுவதாகவும் இருந்தால் நடுவில் வியர்க்காது. காலி செய்யும்போது தழும்பில்லாமல் கழற்றிக்கொண்டும் போகலாம்.

படத்துக்கு ட்ரில் போட்டே தீர வேண்டுமென்றால் செங்கல்லில் வேண்டாம், இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில், ஹேமர் மோடை அணைத்துவிட்டுப் போடுங்கள். சாந்தின் ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைத்துவிடலாம். உடைந்த செங்கல் உடைந்ததுதான்.

வைஃபை அடுத்த அறைக்கே வரவில்லை.

அரை மீட்டர் சுவர் அப்படித்தான் செய்யும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டு 2.4க்கு மாறிப் பாருங்கள். போதவில்லை என்றால் தரையோரமாகக் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைப்பதே வழி. துளை வேண்டாம், கதவு நிலையின் ஓரமாகக் கொண்டுபோங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் 'பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு' என்று ஒரு வரி. கையெழுத்துப் போடலாமா?

அப்படியே போட்டால் கூரையும் உங்கள் பொறுப்பாகிவிடும். கூரை, சுவர், விட்டம், மெயின் வயரிங், கழிவுநீர்க் குழாய் வீட்டுக்காரருக்கு. பல்பு, குழாய் வாஷர், தாழ்ப்பாள் உங்களுக்கு என்று பெயர் சொல்லிப் பிரித்து எழுதுங்கள். புனரமைப்பு வேலை வந்தால் எத்தனை மாத முன்னறிவிப்பு, அந்தக் காலத்துக்கு வாடகை உண்டா, திரும்ப அதே வாடகைக்கு வரலாமா என்பதும் இருக்க வேண்டும். சாவி வாங்கிய அன்றே எல்லாச் சுவரையும் தேதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.

மாடிப்படி ரொம்பக் குறுகல். ஃப்ரிட்ஜ் ஏறுமா?

படியின் அகலத்தை அளக்காதீர்கள். கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே மிகக் குறுகலான இடத்தையும், திருப்பத்தில் தலைக்கு மேலுள்ள உயரத்தையும் அளங்கள். ஃப்ரிட்ஜின் கதவைக் கழற்றினால் சில அங்குலம் மிச்சமாகும். படுக்கவைத்து ஏற்றினால், எண்ணெய் கம்ப்ரஸருக்குத் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்ச் போடுங்கள். படியில் ஏறாது என்று ஆனால் ஜன்னல் வழியாக ஏற்றலாம். ஆனால் பால்கனிக் கைப்பிடியில் கப்பி மாட்டாதீர்கள். அது சாய்ந்து நிற்கப் போட்டது, பாரம் தூக்க அல்ல.